துருப்பிடிச்ச கார் போல்ட்டுக்கு வீட்லயே ஜிங்க் பிளேட்டிங்

ஹார்டுவேர் கடைக்குப் போய் "அண்ணே, எம்8 போல்ட்டு வேணும், தலை 12 நம்பர் ஸ்பேனர் புடிக்கணும்"னு கேட்டுப் பாருங்க. 13தான் இருக்கும்பாரு (எம்8னா மரை 8 எம்எம் விட்டம்). அதையே வாங்கிட்டு வந்து போட்டா போல்ட் என்னவோ உள்ள போகும், ஆனா ரேடியேட்டர் ஓரத்துல ஸ்பேனர் நுழையிற இடத்துல தலை பெருசா இருக்கிறதால முட்டும், பாக்கவும் அசிங்கமா இருக்கும். ஜப்பான்காரன் டிசைன் பண்ண வண்டி எல்லாத்துலயும் இந்தப் பிரச்சனைதான், எம்8க்கு 12 தலை, எம்10க்கு 14 தலை வச்சிருப்பான், அதுலயும் எம்10ல பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி, 1.25, நம்ம கடைல கிடைக்கிறது 1.5. அந்த 1.5ஐ 1.25 ஓட்டைல போட்டு முறுக்குனீங்கன்னா அதோட அந்த மரை காலி.

என்கிட்ட இருக்கிறது 97 மாடல் மாருதி 800, சித்தப்பா வண்டி. தூத்துக்குடில அவர் வீட்டுப் போர்ட்டிகோல ஆறு வருஷம் நின்னுச்சு. எங்க ஊர் உப்புக்காத்து தெரியும்ல, பாடி கூட பரவால்ல, போல்ட்டு ஒவ்வொண்ணும் கருவாடு மாதிரி ஆயிடுச்சு. கழட்டுனதுல முக்கால்வாசி உள்ள நல்ல இரும்புதான், மேல இருந்த ஜிங்க் கோட்டிங் போனதாலதான் துரு. வாஷரோட சேர்ந்தே வர்ற அந்த 6 எம்எம் ஃபெண்டர் போல்ட்லாம் எங்க தேடியும் அதே மாதிரி கிடைக்கல. சரி நாமளே பூசிருவோம்னு ஆரம்பிச்சதுதான் இது. இப்போ வரைக்கும் ஒரு நூத்தம்பது போல்ட்டாவது பண்ணிருப்பேன், அதுல முதல் இருபது குப்பைக்குத்தான் போச்சு, அது ஏன் போச்சுன்னும் சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம் தெளிவாயிடணும். பிளேட்டிங்னா ஜிங்க், அதாவது துத்தநாகம், கரைஞ்ச தண்ணித் தொட்டில போல்ட்டைத் தொங்கவிட்டு, கரண்ட் கொடுத்து மேல மெல்லிசா படிய வைக்கிறது, பெயின்ட் கிடையாது. அடில இருக்கிற பள்ளம், கீறல், துரு எதையும் அது மூடாது, இருக்கிறத இன்னும் பளிச்சுனு காட்டும். தொட்டிக்குள்ள வேலை இருபது நிமிஷம்தான், அதுக்கு முன்னாடி சுத்தம் பண்றதுக்குத்தான் ரெண்டு நாள் ஆகும். அந்த ரெண்டு நாளைக் குறைக்கப் பாத்தீங்கன்னா வேலை சொதப்பிரும்.

எதுக்குப் பூசலாம், எதைத் தொடவே கூடாது

போல்ட் தலைல நம்பர் இருக்கும். 8.8னு இருந்தா பிரச்சனை இல்ல, மாருதி மாதிரி வண்டில ஒத்த நம்பரா 4, 7னு இருக்கும், 4னா சதுர மில்லிமீட்டருக்கு 40 கிலோ, 7னா 70 கிலோ இழுவை தாங்கும்னு அர்த்தம், அதுவும் தாராளமா பண்ணலாம். 10.9, 12.9, இல்ல 9, 11னு இருந்தா எடுத்து ஓரமா வச்சிருங்க. காரணம் ஹைட்ரஜன். ஆசிட்ல ஊறப் போடும்போதும், கரண்ட் கொடுத்து பூசும்போதும் ஹைட்ரஜன் இரும்புக்குள்ள புகுந்துக்கும், சாதா இரும்புக்கு அது ஒண்ணும் பண்ணாது, ஆனா ரொம்ப கெட்டியான ஸ்டீலை உள்ளுக்குள்ளயே நொறுங்குற மாதிரி ஆக்கிடும். கொடுமை என்னன்னா டைட் பண்ணும்போது ஒண்ணும் தெரியாது, ரெண்டு நாள் கழிச்சு வண்டி சும்மா நிக்கும்போது தலை தானா துண்டா விழும். பேக்டரில இதுக்குன்னே பூசி முடிச்ச கொஞ்ச நேரத்துல 200 டிகிரி பக்கத்துல பல மணி நேரம் சுடுவாங்க. வீட்டு அவன்ல அதைப் பண்ணி உயிரைப் பணயம் வைக்க வேணாம், புதுசு வாங்கிக்குங்க.

நம்பர் என்னவா இருந்தாலும் சரி, பிரேக் காலிப்பர், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், வீல் நட், சீட் பெல்ட் போல்ட் இதெல்லாம் லிஸ்ட்லயே கிடையாது. சைலன்சர் மேனிஃபோல்ட் பக்கம் இருக்கிறதுக்கும் பூசாதீங்க, ஜிங்க் 420 டிகிரியிலயே உருகிடும், அந்தச் சூட்டுல அது நிக்காது. மிச்சம் இருக்கிற பானெட் ஹிஞ்ச், ஃபெண்டர், பேட்டரி ட்ரே, ஹெட்லைட் பிராக்கெட், ரேடியேட்டர் கிளாம்ப், ஒயரிங் கிளிப், இதுவே ஒரு வண்டிக்கு நூறு தேறும்.

"எதுக்குடா இவ்ளோ பாடு, எல்லாத்தையும் எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டா மாத்திரு"ன்னு எனக்கும் சொன்னாங்க. எஸ்எஸ் துருப்பிடிக்காது, சரி, ஆனா அதோட ஒட்டி இருக்கிற பாடித் தகரத்தையும் அலுமினியத்தையும் அது அரிக்க வச்சிரும், முக்கியமா உப்புக்காத்துல. ஜிங்க் அப்படியே நேரெதிர், தான் அழிஞ்சு இரும்பைக் காப்பாத்தும். ஒரு சின்னக் கீறல் விழுந்தா கூட பக்கத்துல இருக்கிற ஜிங்க்தான் முதல்ல கரையும், இரும்பு கடைசியாத்தான் துருப்பிடிக்கும்.

சாமான் எங்க கிடைக்கும்

யூடியூப்ல வெள்ளைக்காரன் எல்லாம் வினிகர்ல எப்சம் சால்ட் போட்டுப் பண்றான். அதுவும் வரும், ஆனா நம்ம மளிகைக்கடை வினிகர் 4 சதவீதம்தான், ஜிங்க் அதுல கரைஞ்சு தொட்டி ரெடியாகவே நாளாகும், பூச்சும் மங்கலாத்தான் இருக்கும். நம்ம ஊர்ல அதைவிட நல்ல வழி இருக்கு, உரக்கடைக்குப் போங்க. நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ போடுறாங்களே ஜிங்க் சல்பேட், அதேதான். பாக்கெட்ல 21 சதவீதம் ஜிங்க்னு போட்டிருந்தா ஒரு லிட்டர் தண்ணிக்கு 240 கிராம், 33 சதவீதம்னு போட்டிருந்தா அது நீர்ச்சத்து கம்மியான ரகம், 150 கிராம் போதும். இதைக் கவனிக்காமத்தான் நான் மொதல்ல 33ஐ 240 போட்டு அடில கல்லு மாதிரி தங்கிருச்சு.

அப்புறம் நாட்டு மருந்துக்கடை. ஈயம் பூசுறவரு பித்தளைப் பாத்திரத்துல வெள்ளையா ஒரு பொடியைத் தூவித் தேய்ப்பாரே, நவச்சாரம், லிட்டருக்கு 15 கிராம், அது அமோனியம் குளோரைடுதான், கரண்ட் நல்லா ஓட உதவும். போரிக் ஆசிட் 25 கிராம், மெடிக்கல்ல கிடைக்கும், கேரம் போர்டுக்குப் போடுற பவுடரும் பல தடவை இதுதான், ஆனா டப்பால எழுதிருக்கான்னு பாத்துட்டுப் போடுங்க. போரிக் ஆசிட் பச்சைத் தண்ணில லேசுல கரையாது, கொஞ்சம் வெந்நில கரைச்சு ஊத்திருங்க. கடைசியா அதிமதுரம், ஒரு லிட்டருக்கு ஒரே ஒரு கிராம், ஒரு டம்ளர் தண்ணில கொதிக்க வச்சு வடிகட்டி அந்தச் சாறை மட்டும். சிரிக்காதீங்க, பழைய காலத்து ஜிங்க் பிளேட்டிங் ஃபார்முலாவிலயே அதிமதுரம் இருக்கு, பூச்சு பொறுபொறுன்னு இல்லாம மெல்லிசா விழுறதுக்கு. நான் அது இல்லாமயும் போட்டுப் பாத்தேன், சொரசொரப்பு கையில தெரிஞ்சுச்சு.

தண்ணி மட்டும் போர் தண்ணி வேணாம். பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கிக்குங்க.

உரக்கடை சரக்கு சுத்தமா இருக்காது, கரைச்சதும் மேல தூசி, அடில மண்ணு எல்லாம் நிக்கும். ரெண்டு மடிப்பு பழைய வேட்டித் துணில வடிகட்டுங்க. கண்ணுக்குத் தெரியாத செம்பு, ஈயம் மாதிரி அழுக்கும் கரைஞ்சு இருக்கும், அதுக்கு ஒரு பழைய இரும்புத் தகடை நல்லா தேச்சுட்டு உள்ள தொங்கவிட்டு ரொம்பக் கம்மி கரண்ட்ல, பத்துக்குப் பத்து செ.மீ. தகடுன்னா 0.2 ஆம்பியர்ல, ஒரு அஞ்சாறு மணி நேரம் ஓட விடுங்க. தகடு கருப்பா ஆகும், அந்தக் கருப்புதான் உங்க போல்ட் மேல ஏற வேண்டியது, அது தகடுல போய் உக்காந்துருச்சு.

அடுத்தது ஜிங்க் கட்டி, தொட்டில பிளஸ் பக்கம் தொங்கவிடுறது. பழைய டார்ச் செல்லை உடைச்சு அந்த வெளி டப்பாவை எடுக்கலாம்னு சொல்வாங்க, எடுக்கலாம், ஆனா உள்ள இருக்கிற கருப்பு மாவு கை, சட்டை, திண்ணை எல்லாம் ஆகும், அம்மாகிட்ட திட்டு நிச்சயம். ஆல்கலைன் செல்லை மட்டும் உடைச்சுராதீங்க, அதுல இருக்கிறது காஸ்டிக் மாதிரி சரக்கு, கையை அரிச்சுடும். நான் துறைமுகம் பக்கம் படகு சாமான் விக்கிற கடைல, படகுக்கு அடில துருப்பிடிக்காம இருக்க மாட்டுற ஜிங்க் கட்டி வாங்கிட்டு வந்து ஹாக்ஸா பிளேட்ல ரெண்டா அறுத்தேன். அலுமினியத்துலயும் அதே மாதிரி கட்டி வரும், தூக்கிப் பாத்தாலே தெரிஞ்சிடும், ஜிங்க் அதைவிட ரெண்டரை மடங்கு கனம். இந்தக் கட்டில துளிப்போல காட்மியம் சேர்த்திருப்பாங்க, அதனால அறுக்கும்போது முகத்துல துணி கட்டிக்குங்க, தூளை ஈரத்துணில துடைச்சு எடுங்க.

சுத்தம்

போல்ட்டை மண்ணெண்ணெய்ல ஊறப்போட்டு பழைய டூத் பிரஷ்ல தேச்சு எண்ணெய்ப் பிசுக்கை எடுங்க. அப்புறம் சலவை சோடா போட்ட கொதிக்கிற தண்ணி, அப்புறம் பாத்திரம் கழுவுற லிக்விட். இதுக்கு அப்புறம்தான் துரு.

துருவுக்கு எல்லாரும் முதல்ல தேடுறது பாத்ரூம் ஆசிட். வேகமா எடுக்கும், உண்மைதான், பத்து நிமிஷத்துல போல்ட் சாம்பல் கலர்ல வந்துரும். ஆனா அதோட புகை இருக்கே. நான் ஷெட்டுக்குள்ள ஒரு டப்பால ஊத்தி ஒரு ராத்திரி மூடாம விட்டுட்டேன், காலைல வந்து பாத்தா செவுத்துல மாட்டியிருந்த ஸ்பேனர் செட் மொத்தமும் மஞ்சள் பூத்து நிக்குது, பத்து பதினொண்ணு, பன்னெண்டு பதிமூணு, எதையும் விடல. பத்து போல்ட் துரு எடுக்கப் போய் முப்பது ஸ்பேனருக்கு துரு ஏத்துனவன் நான். அதுல இருந்து எனக்கு லெமன் சால்ட்தான். சிட்ரிக் ஆசிட், லிட்டருக்கு 60 கிராம், வெதுவெதுப்பான தண்ணி, ராத்திரி போட்டா காலைல துரு எல்லாம் கருப்புச் சேறு மாதிரி வழிஞ்சு வரும், பித்தளை பிரஷ்ல ரெண்டு இழுப்பு. பழைய ஜிங்க் எங்கயாவது மிச்சம் இருந்தா அந்த இடத்துல மட்டும் பொங்கிக்கிட்டே இருக்கும், பொங்குறது நின்னா ஜிங்க் போயிருச்சுன்னு அர்த்தம். அதையும் முழுசா எடுக்கணும், இல்லைன்னா புது பூச்சு திட்டுத்திட்டா ஏறும். தங்க மஞ்சள் கலர்ல இருந்த பழைய போல்ட்டா இருந்தா கண்டிப்பா கிளவுஸ் போடுங்க, அந்த மஞ்சள் குரோமியம் சரக்கு, கேன்சர் வரவைக்கிற ரகம், ஐரோப்பால 2007ல இருந்து புது கார்ல அதைப் போடவே கூடாதுன்னு நிறுத்திட்டாங்க.

ஆசிட் எதுவா இருந்தாலும் தண்ணில ஆசிட்டை ஊத்துங்க, ஆசிட்ல தண்ணிய ஊத்தாதீங்க. பாத்ரூம் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் பக்கத்துல பக்கத்துல கூட வைக்காதீங்க, ரெண்டும் கலந்தா குளோரின் வாயு.

துரு போன அப்புறம் பெஞ்ச் கிரைண்டர்ல கம்பி வீல் போட்டு தலையைத் தேய்ங்க. மரைல ஒரு பழைய நட்டை ஏத்தி அதை மோல் கிரிப்ல (தானா பூட்டிக்கிற பிளையர்) புடிச்சா மரையும் கெடாது விரலும் போகாது. கண்ணாடி போடாம இதைப் பண்ணவே பண்ணாதீங்க, அந்த வீல்ல இருந்து கம்பி ஊசி மாதிரி பறக்கும். எவ்வளவு பளபளன்னு தேய்க்கிறீங்களோ பூச்சும் அவ்வளவு பளபளன்னு வரும், பள்ளம் விழுந்த தலைன்னா பள்ளத்தோடதான் வரும்.

சுத்தமா இருக்கான்னு பாக்க ஒரே டெஸ்ட். தண்ணில முக்கித் தூக்குங்க. தண்ணி படலமா முழுசும் ஒட்டி நின்னா ஓகே. தாமரை இலை மேல மாதிரி முத்து முத்தா உருண்டா எண்ணெய் இன்னும் இருக்கு, திரும்ப சோடா தண்ணி. இந்த டெஸ்ட் பாஸ் ஆன அப்புறம் வெறும் கையால தொடாதீங்க, விரல் ரேகை அப்படியே பூச்சுல தெரியும், என்கிட்ட ஒரு பேட்டரி கிளாம்ப் போல்ட்ல என் கட்டைவிரல் ரேகை இன்னைக்கும் இருக்கு, ஆதார் எடுக்கலாம்.

எவ்ளோ கரண்ட், எவ்ளோ நேரம்

என் முதல் இருபது போல்ட் குப்பைக்குப் போனது இங்கதான். வண்டி பேட்டரி சார்ஜர் 12 வோல்ட்டை நேரா கொடுத்தேன். தொட்டி சோடா பாட்டில் திறந்த மாதிரி பொங்குச்சு, அஞ்சு நிமிஷத்துல போல்ட் மேல கருப்பா பாசி மாதிரி ஒண்ணு வளந்துச்சு, ஓரத்துல முள்ளு முள்ளா. விரலால தொட்டா கரி மாதிரி உதிருது. அதிகக் கரண்ட் கொடுத்தா ஜிங்க் ஒழுங்கா அடுக்கி உக்கார நேரம் கிடைக்காம குவியலா விழும், அதான் அது.

கணக்கு ரொம்ப சிம்பிள். நூறு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு ஒண்ணுல இருந்து ரெண்டு ஆம்பியர். நான் ஒன்றரை வைப்பேன். 25 எம்எம் நீள எம்8 போல்ட் ஒண்ணு, மரையோட மேடுபள்ளத்தையும் சேத்து, சுமார் 14 சதுர செ.மீ. வரும், அப்போ ஏழு போல்ட்டுக்கு ஒன்றரை ஆம்பியர். ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடுனா 1.22 கிராம் ஜிங்க் ஏறும், அதை நூறு சதுர செ.மீ.ல பரப்புனா 17 மைக்ரான் கனம் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). ஒன்றரை ஆம்பியர்ல 18, 20 நிமிஷத்துல, சேதாரம் போக, 7 மைக்ரான் நிக்கும்.

அந்த 7ல நிறுத்துங்க. "நல்லா கெட்டியா பூசுவோம், ரொம்ப நாள் வரும்"னு ஒரு தடவை ஒரு மணி நேரம் விட்டேன், பாக்க வெள்ளி மாதிரி வந்துச்சு, நட் ரெண்டு சுத்து போச்சு, நின்னுருச்சு. மரைல பூச்சு ரெண்டு சரிவுலயும் ஏறுறதால பிட்ச் விட்டத்துல, அதாவது மரையோட நடு விட்டத்துல, நாலு மடங்கா கூடும், 7 மைக்ரான்னா 28. சாதாரணமா எம்8 போல்ட்ல நட்டுக்கும் மரைக்கும் நடுவுல பூச்சுக்காக விட்டிருக்கிற இடமே அந்த 28 மைக்ரான்தான். துரு தின்ன போல்ட்ல கொஞ்சம் கூடுதல் இடம் இருக்கும், ஆனா அதை நம்பி ஏத்தாதீங்க.

கரண்ட் கொடுக்க சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல விக்கிற 30 வோல்ட் 5 ஆம்பியர் பவர் சப்ளை இருந்தா ராஜா மாதிரி, ஆம்பியரை 1.5ல பூட்டிட்டா வோல்ட் தானா ரெண்டு மூணுல நிக்கும். இல்லைன்னா வண்டி பேட்டரிலயே பண்ணலாம், பிளஸ் ஒயர்ல 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒண்ணு, அதுக்கு அப்புறம் வரிசையா 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒண்ணு. பல்பு 1.75 ஆம்பியருக்கு மேல விடாது, தொட்டி ரெண்டு வோல்ட் எடுத்துக்கிறதால நிஜத்துல ஒன்றரை பக்கம் ஓடும், எரியிற பல்புதான் உங்க மீட்டர். சின்ன போல்ட் ரெண்டு மூணுதான்னா பார்க் லைட் பல்பு, 5 வாட், அது 0.4 ஆம்பியர்தான் விடும். போன் சார்ஜர் வேணாம், தொட்டி இழுக்கிற இழுப்புக்கு அது கட் ஆகி கட் ஆகி வரும்.

தொட்டில

ஒரு பிளாஸ்டிக் டப்பா, ரெண்டு பக்கமும் ஜிங்க் கட்டி, நடுவுல போல்ட். ஒரு பக்கம் மட்டும் ஜிங்க் வச்சா அந்தப் பக்கம் பாத்த முகம் மட்டும் நல்லா ஏறும், முதுகுப் பக்கம் சாம்பல் பூத்து நிக்கும். ஜிங்க் கட்டியை வேட்டித் துணில பை மாதிரி தச்சுப் போடுங்க, கரையும்போது கருப்பா மக்கு உதிரும், அது போல்ட்ல ஒட்டிக்கிட்டா பரு மாதிரி ஆயிடும். பிளஸ் ஒயர் கிளிப் தண்ணிக்கு மேலதான் இருக்கணும், ஜிங்க்ல மட்டும் படணும், கிளிப்போட செம்பு கரைசல்ல இறங்குனா அதுவும் கரைஞ்சு போல்ட் மேல கருப்பா வந்து உக்காரும்.

போல்ட்டை மெல்லிசு செம்புக் கம்பில மரைக்குக் கீழ ஒரு சுத்து சுத்தி, நல்லா இறுக்கமா, தலை கீழ பாக்கத் தொங்கவிடுங்க, அந்தக் கம்பியை மைனஸ்ல மாட்டுங்க. லூசா இருந்தா பூச்சே ஏறாது. ஒண்ணுக்கொண்ணு முட்டக்கூடாது, ஜிங்க்ல இருந்து நாலு விரக்கடை தள்ளி இருக்கணும். போடுறதுக்கு முன்னாடி லெமன் சால்ட் தண்ணில அரை நிமிஷம் முக்கி, டிஸ்டில்டு வாட்டர்ல அலசி, காய விடாம, கரண்ட் ஆன்ல இருக்கும்போதே உள்ள இறக்குங்க. கரண்ட் இல்லாம இறக்குனா அந்த அமிலத் தண்ணில இரும்பு கொஞ்சம் கரைஞ்சு தொட்டியும் கெடும், பூச்சும் பிடிப்பா இருக்காது.

அஞ்சு நிமிஷத்துல ஒரு தடவை கம்பியை லேசா திருப்பி விடுங்க. பாதில எடுத்து கம்பி சுத்துன இடத்தை மாத்துங்க, இல்லைன்னா அந்த இடத்துல ஒரு கோடு நிக்கும், துரு அந்தக் கோட்டுல இருந்துதான் ஆரம்பிக்கும். லேசா குமிழி வரலாம், புஸ்ஸுன்னு பொங்கக் கூடாது. ஒரு நிமிஷத்துலயே பால் கலந்த வெள்ளி மாதிரி நிறம் மாறுறது தெரியும், எனக்கு இன்னைக்கும் அந்த ஒரு நிமிஷம் பாக்க ஆசைதான், சித்தப்பா பையன் பக்கத்துல உக்காந்துட்டு "அண்ணே வந்துருச்சு வந்துருச்சு"ன்னு கத்துவான். ஜன்னலைத் திறந்து வச்சுக்குங்க, வர்ற குமிழி ஹைட்ரஜன், பக்கத்துல பீடி சிகரெட் வேணாம்.

போல்ட் கம்பிலேர்ந்து நழுவி அடில விழுந்தா உடனே காந்தத்தால எடுத்துருங்க. நான் ஒரு வாஷரைக் கவனிக்காம வாரக்கணக்குல விட்டேன், அதுக்கப்புறம் ஏறுனது எல்லாம் கருத்துப் போச்சு, இரும்பு கரைஞ்சு கலந்துருச்சு. மெடிக்கல்ல விக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு லிட்டருக்கு ரெண்டு மூணு மில்லி விட்டு ஒரு ராத்திரி வச்சா அந்த இரும்பு செந்துருவா அடில படியும், வடிகட்டி எடுத்துடலாம்.

ஓரம் கருத்தா கரண்ட் ஜாஸ்தி, முழுசும் மங்கலா கோடு கோடா இருந்தா சுத்தம் பத்தல, உரிஞ்சு வந்தா எண்ணெய், மரையோட அடிப்பள்ளத்துல மட்டும் ஏறலைன்னா ஜிங்க் கட்டி இருக்கிற இடம் சரியில்ல. தப்பா வந்ததுக்கு மேலயே திரும்ப ஏத்தலாம்னு மட்டும் நினைக்காதீங்க, லெமன் சால்ட்ல போட்டு உரிச்சுட்டு முதல்லேர்ந்து.

பூசுன அப்புறம்

எடுத்ததும் மங்கலான வெள்ளையா இருக்கும். நல்லா அலசிட்டு சமையல் சோடாவைத் தொட்டு பழைய டூத் பிரஷ்ல தேய்ங்க, பளபளப்பு வந்துரும். இரும்புக் கம்பி பிரஷ் வேணாம், அது உதிர்த்துட்டுப் போற இரும்புத் தூள்லேர்ந்தே துரு கிளம்பும்.

இதோட விட்டா கடலோர ஊர்ல ஒரு மாசம் கூட தாங்காது. ஐப்பசி மழைல சும்மா மாடில போட்டுப் பாத்தேன், ரெண்டு வாரத்துல சுண்ணாம்பு தடவுன மாதிரி வெள்ளைத் துரு. கடைல வர்ற போல்ட்ல நீலமா ஒரு மினுமினுப்பு இருக்கும்ல, அது பாசிவேஷன், ஜிங்க் மேல ஒரு மெல்லிசு காப்புப் படலம். பிளேட்டிங் பட்டறைகளுக்கு சரக்கு சப்ளை பண்ற கெமிக்கல் கடைல டிரைவேலன்ட் நீல பாசிவேஷன்னு கேளுங்க, டப்பால போட்டிருக்கிற அளவுக்குத் தண்ணி கலந்து, சொல்லிருக்கிற செகண்டு மட்டும் முக்கி எடுத்து, அலசி, ஹேர் டிரையர்ல இளஞ்சூட்டுல காய வச்சு, ஒரு நாள் ஒண்ணோட ஒண்ணு உரசாம வைங்க. மஞ்சள் கலர் வேணும்னாலும் டிரைவேலன்ட்லயே இருக்கு. பழைய ஹெக்ஸாவேலன்ட் சரக்கு, அதான் முன்னாடி சொன்ன அந்த கேன்சர் குரோமியம், கலர் சூப்பரா வரும், விலையும் கம்மின்னு கடைக்காரர் எடுத்துக் கொடுப்பாரு, வாங்கிராதீங்க. எதுவுமே கிடைக்கலைன்னா மெழுகு ஸ்ப்ரே அடிச்சுடுங்க, கார் உள்பக்கம் இருக்கிற போல்ட்டுக்கு அதுவே போதும்.

மாட்டும்போது ஒண்ணு ஞாபகம் வைங்க, துருவோட இருந்த போல்ட்டுக்கு உங்க கை எவ்ளோ பலம் போட்டுப் பழகியிருக்கோ அதே பலத்தைப் போட்டா இது அறுந்துரும். புதுப் பூச்சு வழுவழுன்னு இருக்கும், மெழுகும் இருந்தா இன்னும் சுலபமா சுத்தும். தலைல 7, 8.8னு இருக்கிற எம்6க்கு 10 நியூட்டன் மீட்டர் கூட வேணாம், 8 போதும், 4னு இருந்தா அதைவிடக் கம்மி. பூசுன போல்ட் பக்கத்துல பின்னாடி எப்பவாவது வெல்டிங் அடிக்க வேண்டி வந்தா கழட்டிட்டு அடிங்க, ஜிங்க் புகை உள்ள போனா ராத்திரி குளிர்காய்ச்சல் மாதிரி தூக்கிப் போடும்.

கரைசலைக் கொட்ட வேண்டியதே இல்ல, ஜிங்க் கட்டி கரைஞ்சு கரைஞ்சு தானே நிரப்பிக்கும், என்னுது ரெண்டு வருஷமா ஓடுது. அப்பப்போ பி.ஹெச் பேப்பர் வச்சுப் பாத்து பி.ஹெச் 4 பக்கம் இருக்கான்னு பாருங்க, ஏறிருந்தா பேட்டரி ஆசிட்டைத் தண்ணில நல்லா நீர்க்க வச்சு சொட்டுச் சொட்டா. நிஜமாவே தூக்கிப் போடணும்னா சாக்கடைல ஊத்தாதீங்க, ஜிங்க் மீனுக்கு விஷம். சலவை சோடாவைக் கரைச்சு ஊத்துனா ஜிங்க் வெள்ளையா அடில படியும், தெளிஞ்சதும் அந்த வெள்ளைச் சேத்தைத் தனியா காய வச்சு எடுத்துருங்க. லெமன் சால்ட் டப்பால தங்குற கருப்புத் தண்ணியும், குறிப்பா மஞ்சள் போல்ட் ஊறுனது, வாய்க்கால் பக்கம் போக வேணாம்.

எடுத்து வைக்கிறது டிஸ்டில்டு வாட்டர் வந்த அதே கேன்தான். அது பாக்க அப்படியே தண்ணி கேன் மாதிரியே இருக்கும், சரக்கும் நிறமே இல்லாம தண்ணி மாதிரித்தான் இருக்கும், வெயில் காலத்துல யாரு கண்ணு எங்க போகும்னு சொல்ல முடியாது. அதனால கேன் நாலு பக்கமும் பெயின்ட்ல மண்டை ஓடு வரைஞ்சு, "விஷம், குடிக்காதே"ன்னு தமிழ்ல பெருசா எழுதி, மூடியைக் கம்பி போட்டுக் கட்டி, ஷெட்ல பூட்டி வச்சிருக்கேன்.